விலை போகாத வீடு: வாங்க வந்தவர் எந்த இடத்தில் திரும்பிப் போகிறார்?

நமது சங்க உறுப்பினர்களில் பலருக்கு இன்று கடைச் சரக்கை விடப் பெரிய சரக்கு ஒன்று விற்காமல் நிற்கிறது. அது அவர்கள் குடியிருந்த வீடு. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போய்விட்டார்கள். ரத வீதிகளில் கீழே கடையும் மேலே வீடுமாக வாழ்ந்தவர்கள் திருச்சி ரோடு, பழனி ரோடு பக்கம் புதிய மனைகளில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது. "வீடு விற்பனைக்கு" என்ற பலகை வெயிலில் வெளுத்து, எழுத்து தெரியாமல் போன பிறகும் வீடு அப்படியே நிற்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பூட்டுப் போட்ட வீடு மட்டும் விலை போவதில்லை.

வீடு விற்கவில்லை என்றதும் நமது அன்பர்கள் சொல்லும் காரணம், "மார்க்கெட் டல்". இது பாதி உண்மைதான். 2016 நவம்பர் 8-ந் தேதி பண மதிப்பிழப்புக்குப் பின் சொத்து வியாபாரம் சில காலம் படுத்தது உண்மை. ஆனால் அதே டல்லான காலத்திலும் அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஒரு வீடு கைமாறியிருக்கிறதே, அது எப்படி? ஆகவே மார்க்கெட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது வியாபாரிக்கு அழகல்ல.

நாம் பார்த்த வரையில், விற்காத வீட்டுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாங்க வருகிறவர் எந்த இடத்தில் திரும்பிப் போகிறார் என்று கவனிக்க வேண்டும். பார்க்கவே ஆள் வரவில்லை என்றால் செய்தி போகவில்லை, அல்லது விலையைக் கேட்டே ஓடுகிறார்கள். இருபது பேர் வந்து பார்த்தும் ஒருவரும் விலை பேசவில்லை என்றால் குறை வீட்டின் தோற்றத்தில் அல்லது விலையில். விலை பேசி முடித்து, கைகுலுக்கி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் "வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று போனவர் திரும்பவில்லை என்றால் குறை பத்திரத்தில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பத்திரத்தில் குறை உள்ள வீட்டுக்கு வெள்ளையடித்துப் பயனில்லை. தோற்றத்தில் குறை உள்ள வீட்டுக்கு ஐந்து தரகரை வைத்தும் பயனில்லை.

இதில் நமது உறுப்பினர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்தான். எனவே அதையே முதலில் விரிவாகச் சொல்கிறோம்.

பத்திரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

முன்பெல்லாம் ஊரில் தெரிந்த குடும்பம் என்ற நம்பிக்கையில் கிரயம் நடந்தது. இன்று வாங்குபவர் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்குகிறார். வங்கியின் வக்கீலுக்கு நமது குடும்பப் பெருமை தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது. இவற்றில் பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். தாத்தா பெயரில் பட்டா, தகப்பனார் பெயரில் வரி ரசீது, நமது பெயரில் மின் இணைப்பு என்று இருந்தால் வீடு நம்முடையதுதான் என்றாலும் காகிதம் அப்படிச் சொல்லவில்லை.

வியாபாரிகளின் வீட்டில் வரும் முதல் வில்லங்கம் வங்கி ஓவர்டிராப்ட். சரக்குக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்திருப்போம். பத்து வருடம் முன்பே கடன் தீர்ந்திருக்கும், பத்திரமும் கைக்கு வந்திருக்கும். ஆனால் உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணத்துக்கு எதிராக ரசீது ஆவணம் பதிவு செய்திருக்க மாட்டோம். வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் உயிரோடு நிற்கும். வாங்க வந்தவர் அதைப் பார்த்ததும் "அண்ணாச்சி கடனை மறைக்கிறார்" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். வங்கிக்குச் சென்று ரசீது ஆவணம் பதிவு செய்து தரச் சொன்னால் தீர்ந்தது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டு, அது அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது, வாரிசு. தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு அவரது சுய சம்பாத்தியம். அண்ணன் தம்பி இருவரும் பேசி முடித்து விலை சொல்கிறார்கள். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்கள், மகள்கள், மனைவி ஆகியோருடன் இறந்தவரின் தாயாரும் சம பங்குக்காரர். பாட்டி உயிரோடு இருந்த காலத்தில் மகன் இறந்திருந்தால் பாட்டிக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது. பிறகு பாட்டி காலமானால் அந்தப் பங்கு அத்தைமார் வரை போகிறது. இதை நமது வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. வங்கி வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்.

பூர்வீக சொத்திலும் பெண்களுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. தகப்பனார் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று இருந்த குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினிதா சர்மா வழக்கில் தீர்த்து, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று சொல்லிவிட்டது. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்ற பேச்சு குடும்பத்துக்குள் செல்லலாம், பதிவு அலுவலகத்தில் செல்லாது. தங்கையை நேரில் அழைத்து மரியாதையாகப் பேசி, உரிய தொகை கொடுத்து, விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்வதே வழி. குடும்பத்தாருக்குள் இத்தகைய ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் ரூ.10,000 என்று 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டது. உயர்த்திய பிறகும் இது ஒரு வீட்டின் விலைக்கு முன் சிறு தொகைதான். வீட்டை விலை பேசிய பிறகு கையெழுத்துக் கேட்டால் அது வேறு கணக்காகிவிடும். ஆகவே விற்பனைப் பலகை மாட்டும் முன்பே இதை முடிக்க வேண்டும்.

இஸ்லாமிய அன்பர்களின் குடும்பங்களில் ஷரீயத் முறைப்படியும், கிறிஸ்தவ அன்பர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படியும் பங்கு கணக்கிட வேண்டும். எந்த முறையானாலும் பெண் வாரிசுகளை விட்டுவிட்டுச் செய்த கிரயம் பின்னால் வழக்காகத்தான் திரும்பும்.

வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகார ஆவணம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்திச் சரிசெய்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வருமான வரி, உள்ளூர்க்காரருக்குப் பிடிப்பதைப் போல 1 சதவீதம் அல்ல, பல மடங்கு அதிகம். இதைக் கடைசி நாளில் ஆடிட்டர் சொல்லி, கிரயம் நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம்.

மூன்றாவது, பவர் பத்திரம். பொது அதிகார ஆவணத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டே சொத்து தன்னுடையது என்று இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்படி வாங்கினால் உரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மூல உரிமையாளரோ அவரது வாரிசுகளோ வந்து கிரயம் செய்து கொடுக்காத வரை அந்த வீட்டை வாங்க வங்கிக் கடன் கிடைக்காது.

நான்காவது, ஊரைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகள். அனுமதி இல்லாத மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைப்பிரிவுகளை வரன்முறை செய்ய 2017-ல் திட்டம் வந்தது. இதைப் பயன்படுத்தி வரன்முறை செய்துகொண்ட மனைக்கும், செய்யாமல் விட்ட மனைக்கும் இன்று விலையில் பெரிய வித்தியாசம். வீடு எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் மனைக்கு வரன்முறை உத்தரவு இல்லையென்றால் கடனில் வாங்குபவர் வரமாட்டார். கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்று பதிவுத்துறை குறித்து வைத்துள்ள சர்வே எண்ணில் சிக்கியிருந்தால் அதைச் சரிசெய்யாமல் விற்பனையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதாவது, வாங்க நினைப்பவர் நமது வீட்டுப் படியேறும் முன்பே நமது வில்லங்கத்தைப் படித்துவிட்டு வருகிறார். நாம் மட்டும் படிக்காமல் இருக்கலாமா?

வழிகாட்டி மதிப்பு என்ற முள்

சில தெருக்களில் சந்தை விலையை விட வழிகாட்டி மதிப்பு அதிகமாக இருக்கிறது. இந்த மதிப்பு 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் பதிவுக் கட்டணம் 1-லிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பி, கட்டணம் 2 சதவீதமானது. 2024 ஜூலையில் மறுபடியும் மதிப்புகள் திருத்தப்பட்டன. இப்போது முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். (ரூ.10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய வீடு விற்பவர்கள் இதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லலாம்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைக்கும் கட்டடத்துக்குமாக அரசு மதிப்பு ரூ.50 லட்சம். ஆனால் யாரும் 42-க்கு மேல் கேட்கவில்லை. 42-க்கு முடித்தாலும் வாங்குபவர் 50-க்குத்தான் 9 சதவீதம், அதாவது ரூ.4.50 லட்சம் கட்ட வேண்டும். இல்லையென்றால் முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவில் ஆவணம் துணை ஆட்சியர் பார்வைக்குப் போகும். இதோடு நிற்பதில்லை. அரசு மதிப்பு கிரயத் தொகையில் 110 சதவீதத்தைத் தாண்டினால், வருமான வரித்துறை நாம் 50 லட்சம் வாங்கியதாகவே வைத்து நமக்கு வரி போடும். வாங்கியவருக்கும் அந்த வித்தியாசத்தை வருமானமாகக் கணக்கிடும். 46 லட்சத்துக்கு முடித்தால் 110 சதவீதம் 50.60 லட்சம். தொல்லை இல்லை. எனவே இத்தகைய வீட்டில் 42-க்கும் 46-க்கும் இடையே பேரம் நடக்கும்போது இருவரும் இந்தக் கோட்டைத் தெரிந்து பேசினால், வாங்குபவரே சற்று ஏறி வர வாய்ப்புண்டு. தெருவின் மதிப்பே தவறு என்று தோன்றினால் தெருக்காரர்கள் சேர்ந்து பதிவுத்துறைக்கு மனுக் கொடுக்கலாம். தனி ஆளாகப் போவதை விடச் சங்கத்தின் மூலம் போவது நல்லது.

வெள்ளை, கறுப்பு

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து, எழுதியே தீர வேண்டும் என்று எழுதுகிறோம். நமது அன்பர்களில் சிலர் இன்னும் "பத்திரத்தில் இவ்வளவு, கையில் இவ்வளவு" என்று நிபந்தனை போடுகிறார்கள். சட்டத்தைப் பற்றிப் பேசும் முன் வியாபாரத்தைப் பற்றியே பேசுவோம். ரூ.60 லட்சம் விலையுள்ள வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி 80 சதவீதம் வரை, அதாவது 48 லட்சம் தரலாம். வாங்குபவர் கையிலிருந்து 12 லட்சமும், பதிவுச் செலவு 5.40 லட்சமுமாக 17.40 லட்சம் வைத்திருந்தால் போதும். ஓர் ஆசிரியர் தம்பதியால் இது முடியும். அதே வீட்டைப் பத்திரத்தில் 40 என்று காட்டினால் வங்கி 32 தான் தரும். மீதி 28, பதிவுச் செலவு 3.60, ஆக 31.60 லட்சம் அவர் கையில் வேண்டும். ஆசிரியர் தம்பதி எழுந்து போய்விடுவார்கள். நாம் வரியை மிச்சப்படுத்த நினைத்து வாங்கும் கூட்டத்தையே பாதியாக்கிவிட்டோம்.

சட்டமும் கடுமையானது. 2015 ஜூன் 1 முதல் சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க இடமுண்டு.

அப்படி என்ன பெரிய வரி வந்துவிடப் போகிறது என்றும் பார்க்கலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய அல்லது முன்னோர் வழி வந்த வீட்டுக்கு, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். அன்றைய அரசு மதிப்பை அது தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் நம் கைக்கு வந்த வீடானால் லாபத்தில் நேரடியாக 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக் குறியீட்டுப்படி அடக்கத்தை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-02-க்குக் குறியீடு 100, 2025-26-க்கு 376. 2001 மதிப்பு 6 லட்சம், விற்பனை 60 லட்சம் என்றால் முதல் வழியில் வரி 6.75 லட்சம், இரண்டாவது வழியில் ஏறத்தாழ 7.49 லட்சம். முதல் வழி லாபம். 2001 மதிப்பு 10 லட்சம் என்றால் முதல் வழியில் 6.25, இரண்டாவதில் 4.48. இங்கே இரண்டாவது வழி லாபம். ஆகவே 2001 மதிப்புச் சான்றை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. லாபத்தைக் கொண்டு இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுச் செய்தால் கறுப்புப் பணத்துக்கு அவசியமே இல்லை.

கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

வெங்காயப் பேட்டையில் காலையில் வந்த சரக்கு மதியத்துக்குள் போகாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? விலையை இறக்குகிறோம். வெங்காயம் அழுகுவது கண்ணுக்குத் தெரிகிறது. வீடு அழுகுவது தெரிவதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

60 லட்சம் கேட்கிறோம். 52-க்கு ஆள் இருக்கிறது. "எட்டு லட்சம் விட்டுக்கொடுப்பதா" என்று இரண்டு வருடம் காத்திருக்கிறோம். 52 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தாலே வருடம் 3.64 லட்சம், இரண்டு வருடத்தில் 7.28 லட்சம். ஆக, இன்றைய 52-ம் இரண்டு வருடம் கழித்துக் கிடைக்கும் 60-ம் ஏறக்குறைய ஒன்றே. கடையில் 10 சதவீத வட்டிக்குச் சரக்குக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் இழப்பு 10.40 லட்சம். காத்திருந்து 60-க்கு விற்றாலும் நட்டம். இதில் வீட்டு வரி, காவல் ஆள், ஒழுகும் தளம் ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. வீட்டு வரி 2022-ல் தமிழகமெங்கும் 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது என்பது நாம் அறிந்ததே.

சரியான விலையைத் தெரிந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன கேட்கிறார் என்று பார்க்கக் கூடாது. அவரும் நம்மைப் போலவே விற்காமல் உட்கார்ந்திருப்பவர். கடைசி ஒரு வருடத்தில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் உண்மையில் பதிவான கிரயங்களைப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் தொகை இருக்கும். அது முழுத் தொகையாக இல்லாவிட்டாலும், எத்தனை வீடு கைமாறியது என்பதாவது உண்மை.

நாற்பது ஐம்பது வருடத்துக் காரைக்கட்டு வீட்டில் கட்டடத்துக்குத் தனி விலை கேட்பது வீண் முயற்சி. வாங்குபவர் அதை மனையாகத்தான் பார்க்கிறார், இடிக்கும் செலவையும் கழிக்கிறார். தேக்குக் கதவு, உத்தரம், கல்தூண் இருந்தால் அவற்றைத் தனியே விலை பேசலாம். ஜப்பானில் 2023-ல் எடுத்த கணக்கில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம், மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். இத்தாலியில் சம்புகா என்ற ஊர் 2019-ல் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவை ஆரம்ப விலையாக வைத்து விற்றது. மூன்று வருடத்துக்குள் பழுது பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே வீட்டின் உண்மையான விலை பழுதுபார்க்கும் செலவுதான் என்று ஊராட்சிக்கே தெரிந்திருந்தது.

யாருக்குத் தேவை?

செட்டிநாட்டைப் பாருங்கள். பர்மா, மலேயா, இலங்கையில் சம்பாதித்த நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள். கொண்டுவிற்றல் தொழில் போனதும், பங்காளிகள் பெருகியதும், அவ்வளவு பெரிய வீட்டைக் குடியிருக்க வாங்குவார் இல்லை. பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டு, கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. ஆனால் சில வீடுகள் வேறு உபயோகத்துக்கு மாறிப் பிழைத்தன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. குடும்பம் நடத்த வருகிறவர் இல்லாத வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள்.

நமது மேற்கு ரத வீதி வீட்டுக்கும் இது பொருந்தும். பன்னிரண்டு அடி முகப்பு, நூறு அடி நீளம், கார் நிறுத்த இடமில்லை. இதைக் குடும்பத்துக்கு விற்கப் பார்த்தால் எத்தனை வருடமானாலும் நிற்கும். குடோன் தேடும் மொத்த வியாபாரி, மருத்துவர், டியூஷன் நடத்துபவர், தெருவில் கடை வைத்திருந்து இடம் போதாமல் தவிப்பவர் ஆகியோர்தான் வாங்குவார்கள். எல்லாருக்கும் முன்னால் கேட்க வேண்டியவர்கள் இருவர். ஒருவர் குடியிருக்கும் வாடகைதாரர், மற்றவர் ஒட்டுச்சுவர்ப் பக்கத்து வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பன்னிரண்டு அடி, இருபத்து நான்கு அடியாகிறது. வேறு யாருக்கும் அந்த மதிப்பு இல்லை. பழைய மனத்தாங்கலால் அவரிடம் மட்டும் சொல்லாமல் ஊரெல்லாம் சொல்லுகிறவர்களை நாம் அறிவோம்.

வீட்டைக் காட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூட்டிய வீட்டில் வௌவால் நாற்றமும் கரையானும்தான் முதலில் எதிர்ப்படும். மாதம் இரண்டு முறை திறந்து, கழுவி, விளக்கேற்றி வைக்க வேண்டும். ராசியில்லாத வீடு என்று பேச்சுக் கிளம்பிய வீட்டுக்கு, குழந்தைகள் உள்ள குடும்பம் ஒன்றைப் பதினொரு மாத எழுத்து ஒப்பந்தத்தில் குறைந்த வாடகைக்கு வைத்தால் பேச்சு தானே அடங்கும். தெருக்குத்து, வாசல் திசை போன்றவற்றில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாங்குபவருக்கு இருந்தால் அது விலையில் தெரியும். வாதாடிப் பயனில்லை, நம்பாதவரைத் தேடுவதே சுலபம்.

நம் ஊரில் வாங்குபவர் தவறாமல் கேட்பது தண்ணீர். தோல் ஷாப்புகள் இருந்த பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது ஊரறிந்த விஷயம். போர் எத்தனை அடி, கோடையில் வருகிறதா, உப்பா நல்ல தண்ணீரா, மாநகராட்சிக் குழாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்பார்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அறிக்கையை வைத்திருந்து காட்டினால் பாதி சந்தேகம் தீரும். உப்புத் தண்ணீர் என்றால் மறைக்க வேண்டாம். முதல் நாள் காப்பி குடிக்கும்போதே தெரிந்துவிடும்.

தரகர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பத்துத் தரகரிடம் சொன்னால் பத்து விலை உலவும். ஒருவர் 60 என்பார், இன்னொருவர் 55 என்பார். வாங்குபவர் 50-லிருந்து பேசத் தொடங்குவார். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கமிஷனை முன்பே பேசி, ஒரே விலை சொல்லச் சொல்ல வேண்டும். பலகையில் விலையையும் எழுதிவிடலாம் என்பது நமது கருத்து. வாங்க முடியாதவர் வந்து நேரத்தைப் போக்க மாட்டார்.

ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீடு பேச வருவதில்லை. அந்த மாதங்களில் விலையை இறக்குவது வீண். வெள்ளையடிப்பது, பட்டா மாற்றம், ரசீது ஆவணம், விடுதலைப் பத்திரம் ஆகியவற்றை மார்கழிக்குள் முடித்து, தை பிறந்ததும் காட்டத் தொடங்க வேண்டும். தையிலிருந்து ஆனி வரை காட்டியும் ஒருவரும் விலை கேட்கவில்லை என்றால், ஆவணியில் விலையை ஒரேயடியாக எட்டு அல்லது பத்து சதவீதம் இறக்க வேண்டும். மாதம் ஐம்பதாயிரம் வீதம் இறக்கிக்கொண்டே போனால், அடுத்த மாதம் இன்னும் இறங்கும் என்று வாங்குபவர் காத்திருப்பார்.

ஆள் அமைந்தால் ஒப்பந்தம் போடுவதில் கவனம் தேவை. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கெடு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஒரு வருடக் கெடு வாங்கி, அந்த வீட்டையே வேறு ஆளுக்கு லாபத்தில் தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. கெடு முடிந்து கிரயம் நடக்காவிட்டால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் ஆவணத்தையும் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அது வில்லங்கச் சான்றில் நின்று அடுத்து வருகிறவரைத் துரத்தும். வழக்குப் போட அவருக்கு மூன்று வருடம் வரை அவகாசமும் உண்டு.

கிரயத் தொகை ரூ.50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்டி, அதற்கான சான்றை நமக்குத் தர வேண்டும். அதை வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். புது வீடு வாங்கத் தாமதமானால், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் லாபத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்குத் தொடங்கிப் போட்டுவிட வேண்டும். வீட்டு வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றைப் புதியவர் பெயருக்கு மாற்றும் மனுக்களில் கிரயத்தன்றே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து நிலுவை நோட்டீசு நமது பெயருக்கு வராது.